மேடுகளை அளந்துவிட்டார்கள், பெயர்களை யார் தொகுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கோலார் தங்கவயலில், தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் எஞ்சிய கழிவாகக் குவிந்து கிடக்கும் சயனைடு மேடுகளை ஏலத்தில் விடுவது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த செய்தியைப் படித்தேன். 13 மேடுகள், 1,003 ஏக்கர் பரப்பு, 3.3 கோடி டன் மண், அதில் டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவாக எஞ்சியிருக்கும் தங்கம் என்று கணக்குகள் தெளிவாகத் தரப்பட்டிருந்தன. 2024 ஜூன் மாதம் கர்நாடக அமைச்சரவை இதற்கு இசைவு தெரிவித்ததையும் செய்தி நினைவூட்டியிருந்தது. அந்த மேடுகளில் ஒன்றின் அடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பக்கமே போகாமல் இருந்துவிட்டு, சென்ற ஆடி மாதக் கடைசியில் அங்கே சென்று நான்கு நாள் தங்கித் திரும்பினேன். அந்தக் கணக்கில் விடுபட்டுப்போன ஒன்றைக் குறித்து எழுத வேண்டும் என்று தோன்றியது. கடிதம் சற்று நீளும்; பொறுத்தருள வேண்டுகிறேன்.

இன்றைய இளைஞர்களுக்கு அந்த ஊர் ஒரு திரைப்படத்தின் வழியாகவே தெரியும் என்பதை என் பேரப்பிள்ளைகளைக் கொண்டே அறிவேன். ஆகவே சிறிது முன்கதை தேவைப்படுகிறது. நான் 1957ஆம் ஆண்டு தங்கவயலின் சாம்பியன் ரீஃப்ஸ் பகுதியில், ஒற்றை அறையும் திண்ணை அளவேயான முன்கட்டும் கொண்ட ஒரு லைன் வீட்டில் பிறந்தேன். என் பாட்டனார் குடியாத்தத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் பிறர் நிலத்தில் கூலிக்கு உழுதவர்; முதல் உலகப் போருக்குச் சற்று முன்னர், பாட்டியையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு தங்கவயலுக்கு நடந்தே வந்தார் என்று கேட்டிருக்கிறேன். வட ஆற்காடு, செங்கல்பட்டு, சேலம் மாவட்டங்களிலிருந்து அவ்வாறு வந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் கால்வைத்த அந்தக் கரட்டு நிலத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே முப்பதாயிரம் பேருக்கு மேல் வேலை செய்தார்கள். சொந்தமாக ஒரு குழி நிலமும் இல்லாதவர்கள் வந்து குடியேறிய பாறைக்காட்டுக்குத் 'தங்கவயல்' என்று பெயர் அமைந்ததை என் தந்தை கடைசிவரை ஒரு வேடிக்கையாகவே சொல்லிக்கொண்டிருந்தார். பேத்தமங்கலத்தில் பாலாற்றைத் தேக்கி எங்களுக்குக் குடிநீர் கொண்டுவந்தார்கள். அதே ஆறுதான் கீழே இறங்கி, வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக, பாட்டனார் விட்டுவந்த சீமைக்கும் செல்கிறது. ஊர்த் தண்ணீரைத்தான் குடிக்கிறோம், நம்மிடம் முதலில் வந்துவிட்டுப் பிறகுதான் அங்கே போகிறது என்று பாட்டி சொல்லிக்கொள்வார்.

என் தந்தை 1948 முதல் 1982 வரை சுரங்கத்தின் அடியில் டிம்பர்மேனாக வேலை செய்தார். பாறை சரியாமல் மரத்தாங்கல் கொடுக்கும் வேலை அது. நான் ஆசிரியர் பயிற்சி முடித்து 1979இல் சென்னைக்கு வந்தேன். 1984இல் பெற்றோரும் என்னுடன் வந்து சேர்ந்தபின், அந்த ஊருக்குச் செல்ல எனக்கு வேலை இல்லாமல் போயிற்று. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன என்பதை அறிந்தபோது தந்தை வேறொன்றும் பேசவில்லை, "பம்பையும் நிறுத்திவிட்டார்களா?" என்று மட்டும் கேட்டார். அடியில் ஊறும் நீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டிருந்தால்தான் சுரங்கம் சுரங்கமாக இருக்கும். இறைப்பதை விட்டால் அடித்தட்டிலிருந்து ஒவ்வொரு தட்டாக நீர் ஏறிவிடும் என்பது கீழே இறங்கி வேலை செய்த அனைவருக்கும் தெரிந்ததே. நிறுத்திவிட்டார்கள். மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போன அந்தச் சுரங்கங்களில் இப்போது நீர் நிற்கிறது.

இப்போது சென்றது என் அத்தை மகளின் பேரனுடைய திருமணத்துக்காக. பங்காருப்பேட்டையில் இறங்கி மாரிகுப்பம் வண்டி ஏறினேன். 1894இல் போடப்பட்ட அந்தக் கிளைப்பாதையில் கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று நிலையங்கள் வரிசையாக வரும்போது, பெயர்ப்பலகையைப் பார்ப்பதற்கு முன்னரே என் வாய் அவற்றைச் சொல்லியது. சிறு வயதில் பெரிதாகத் தெரிந்ததெல்லாம் முதுமையில் திரும்பிப் பார்க்கும்போது சிறுத்துவிடும் என்பார்கள். லைன் சிறுத்திருந்தது, பள்ளிக்கூட மைதானம் சிறுத்திருந்தது, நாங்கள் சிற்றாறு என்று எண்ணிய சாக்கடையும் ஒரு தாண்டு அளவுக்குச் சிறுத்திருந்தது. மேடு மட்டும் குறையவில்லை. மழைநீர் அதன் விலாவை ஆள் உயரத்துக்கு அறுத்துக்கொண்டு இறங்கியிருக்க, சாம்பல் வெளுப்பில் அது ஊருக்கு மேலே அப்படியே நின்றது. சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்துக் குழியான கிஃபோர்டு ஷாஃப்டின் பக்கம் செல்ல அனுமதி இல்லை. ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் ஊதி, எங்களுக்குக் கடிகாரமே தேவைப்படாமல் செய்த சங்கின் ஓசையும் இல்லை. அத்தை மகள் மட்டும் விடியற்காலையில் அந்த நேரத்துக்கு இன்றும் எழுந்துவிடுகிறார்.

ஆடிக் காற்று இன்னும் ஓயவில்லை. அதுதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்த முதல் காரணம். வெட்டியெடுத்த பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் அதன் தங்கத்தைக் கரைத்து எடுத்துக்கொண்ட பின், எஞ்சிய சேற்றைக் குழாய் வழியாகக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டி உலரவிட்டதே இந்த மேடுகள். சயனைடு வெயிலிலும் காற்றிலும் பெரும்பாலும் சிதைந்துவிடும் என்கிறார்கள். மாவாக்கப்பட்ட பாறை சிதையாது. அதிலுள்ள சிலிக்கா தூளைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களின் நுரையீரல் தடித்துப்போகும் நோய்க்குச் சிலிகோசிஸ் என்று பெயர். எங்கள் லைனில் அதற்குப் பெயரே கிடையாது. 'மைன்ஸ் இருமல்' என்றால் போதும், வயது ஐம்பதைத் தாண்டிய ஆண்களில் அது இல்லாதவரைத்தான் நாங்கள் வியப்போடு பார்ப்போம். காற்றடிக்கும் மாதங்களில் என் தாய் சோற்றுப் பானையின் மூடிமேல் ஈரத்துணியைப் போட்டு வைப்பார். திருமணத்துக்கு முந்தைய நாள் மாலை, பந்தலில் வைத்திருந்த பாத்திரங்களின் மீது அத்தை மகளின் மருமகள் ஈரப் போர்வைகளை விரித்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். யாரும் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. சாப்பாட்டுக்கு இலை போடுவதைப் போல அதுவும் ஒரு வேலையாக நடந்தது. இந்த மேட்டில்தான் நாங்கள் தகரத் துண்டின் மேல் உட்கார்ந்து சறுக்கி விளையாடினோம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எவரும் தடுக்கவில்லை, எங்கள் பெற்றோர் உட்பட.

ஆகவே மேடுகளை அகற்றுவதற்கு நான் எதிரி அல்லள். ஆனால் நூறாண்டுக் காலம் மழையில் இறுகிய மேற்பரப்பை உடைத்து 3.3 கோடி டன்னை அள்ளி, மறுபடியும் கரைத்து, மறுபடியும் எங்கோ கொட்டும்போது எழும் தூசியைச் சுவாசிக்கப்போகிறவர்கள் ஏலம் எடுப்பவர்கள் அல்லர். எடுக்கப்படும் தங்கத்தில் மாநிலத்துக்கு எவ்வளவு, மத்திய அரசுக்கு எவ்வளவு என்ற விவாதத்தை ஊன்றிப் படிக்கிறேன். அடிவாரத்தில் குடியிருப்போரின் நுரையீரலை வேலை தொடங்குவதற்கு முன்னர் ஒருமுறையும், தொடங்கிய பின் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும் என்ற நிபந்தனை ஏல ஆவணத்தில் இடம்பெறுமா என்பதைத் தங்கள் செய்தியாளர் விசாரித்து எழுத வேண்டும். அவ்வாறு சோதிக்காமல் விட்டால், நாளைக்கு நோய் வரும்போது அது பழைய தூசியால் வந்ததா புதிய தூசியால் வந்ததா என்ற வழக்காடலிலேயே ஒரு தலைமுறை கழிந்துவிடும்.

இரண்டாவது காரணம் என் கைப்பையில் இருந்தது. சுரங்கத்தில் என் பாட்டனாருக்கு அடையாளமாகக் கொடுத்த பித்தளைப் பில்லை ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. நடுவில் ஒரு துளை, கீழே நான்கு இலக்க எண், வேறு எழுத்தே இல்லை. அந்த எண்ணுக்கு உரிய பெயர் எந்தப் பதிவேட்டிலாவது இருக்கிறதா, அவர் எந்த ஊரான் என்று எழுதிக்கொண்டார்கள், எந்த வயதில் சேர்த்தார்கள் என்று பார்க்க விரும்பி அங்கே ஓர் அலுவலகத்துக்குச் சென்றேன். அங்கிருந்தவர் மரியாதையாகவே நடந்துகொண்டார். பழைய பதிவேடுகள் பல இடங்களுக்குப் பிரிந்து போய்விட்டதாகவும், சில கரையான் அரித்ததாகவும், அந்தக் காலத்துப் பதிவேடுகளைத் தாம் கண்ணாலும் பார்த்ததில்லை என்றும் சொன்னார். மண்ணின் எடையை டன் கணக்கில் சொல்ல முடிகிற இடத்தில் மனிதரின் பெயரைச் சொல்ல முடியவில்லை.

இதில் ஒரு முரண் இருக்கிறது. அந்த மக்கள் தங்களைப் பற்றி எழுதிவைக்கப்படுவதை ஒரு காலத்தில் எதிர்த்தவர்கள். 1930இல் கைரேகை எடுத்துப் பதிவு செய்யும் முறையைக் கொண்டுவந்தபோது, குற்றவாளிகளைப் போல ரேகை வைக்க மாட்டோம் என்று ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்து, மூன்று வாரக் காலத்தில் அதைத் திரும்பப் பெற வைத்தார்கள். பாட்டனாரும் அதில் வெளியே நின்றவர் என்று சொல்லுவார்கள். 1946 வேலைநிறுத்தத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்களை ஊர் இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. சூடு பட்டு இறந்தவர்களுக்கு நினைவுநாள் உண்டு. பாறை வெடித்து இறந்தவர்களுக்கு இல்லை, ஏனென்றால் அது ஒரு நாளில் நடந்ததல்ல.

பாறை வெடிப்பை எங்கள் ஊரில் 'ஏர் பிளாஸ்ட்' என்பார்கள். மிகுந்த ஆழத்தில் மேலிருக்கும் மலையின் முழுச் சுமையும் அழுத்திக்கொண்டிருக்க, நடுவே பாறையை வெட்டி வெற்றிடம் உண்டாக்கினால், சுற்றியுள்ள பாறை ஒரு கணத்தில் தெறித்துவிடும். மேலே இருப்பவர்களுக்கு அது ஒரு சிறு நிலநடுக்கம். அலமாரியில் அடுக்கியிருக்கும் தட்டுகள் கிணுகிணுவென்று ஒலிக்கும்; அடுப்பிலிருக்கும் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டுப் பெண்கள் ஷாஃப்ட் பக்கம் ஓடுவார்கள். ஓடும்போது யாரும் அழுவதில்லை. எந்த ஷிஃப்ட், சுரங்கத்தின் எந்தத் தட்டு என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு போவார்கள். ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டு மேலே வந்து கதவு திறக்கும்போது, தன் வீட்டு ஆளைக் கண்டவள் மகிழ்ச்சியைக் காட்டாமல் ஒதுங்கி நிற்பாள், பக்கத்தில் நிற்பவள் இன்னும் காணவில்லை என்பதால். இந்தப் பண்பாட்டை எனக்கு எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஏழு வயதில் தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. தட்டுகள் ஒலித்தால் இன்றும் எனக்கு முதுகு சில்லிடும். அம்பத்தூரில் லாரி போனாலும் ஒலிக்கின்றன.

அதே சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில்தான், தரைக்குக் கீழே 2 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், காற்றுமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோ துகளின் தடயத்தை 1965இல் விஞ்ஞானிகள் பதிவு செய்தார்கள். உலகில் முதன்முதலாக அதைக் கண்ட இரண்டு இடங்களில் அது ஒன்று; மற்றொன்று தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும், ஜப்பானிய, ஆங்கிலேயப் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து செய்த அந்த ஆய்வு அறிவியல் வரலாற்றில் உரிய இடத்தைப் பெற்றிருக்கிறது. அதில் எனக்கும் பெருமை உண்டு. ஒரே சுரங்கத்தில் ஒரு கணத் துகளுக்குப் பதிவு இருப்பதும், முப்பது நாற்பது ஆண்டுகள் அங்கே குனிந்து நிமிர்ந்தவர்களுக்குப் பதிவு கிடைக்காமல் போவதும் பதிவு செய்தவரின் அக்கறையைப் பொறுத்தது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன். மின்சாரத்தின் கதையும் அப்படித்தான். காவிரி அருவி விழும் சிவசமுத்திரத்திலிருந்து 1902இல் தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது, பெங்களூரின் தெருக்களில் விளக்கு எரிவதற்கு மூன்றாண்டுகள் முன்னதாகவே. அது சுரங்கத்துக்கு வந்த மின்சாரம். நான் எழுத்துக் கூட்டிப் படித்தது மண்ணெண்ணெய் விளக்கில்.

திருமணத்துக்கு மறுநாள் இடுகாட்டுக்குச் சென்றேன். பாட்டனாரின் கல்லறை இருந்த இடம் உத்தேசமாகத்தான் தெரிந்தது. துணைக்கு வந்த சிறுவன், அத்தை மகளின் மகள் வயிற்றுப் பேரன், எட்டாம் வகுப்புப் படிப்பவன். வீட்டில் அவன் பேசுவது சுத்தமான மைன்ஸ் தமிழ், 'இன்னாத்தா' என்றுதான் என்னைக் கூப்பிடுகிறான். ஆனால் ஒரு கல்லின்மேல் இருந்த தமிழ் எழுத்துகளைக் காட்டிப் படிக்கச் சொன்னபோது அவனால் முடியவில்லை. கன்னடமும் ஆங்கிலமும் தடையின்றிப் படிக்கிறான். இதற்காக நான் எவரையும் குறைசொல்லவில்லை. பெங்களூரில் பிழைக்க வேண்டிய பிள்ளைக்கு அந்த மொழிகள் தேவை. கன்னட மண்ணில் வாழ்பவன் கன்னடம் படிப்பது முறையும்கூட. அவன் தந்தை விடியற்காலை இருட்டில் மாரிகுப்பம் வண்டியைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று, இரவு பிள்ளைகள் உறங்கிய பின் வீடு திரும்புகிறார். அந்த வண்டியில் நின்றுகொண்டே செல்பவர்கள் ஆயிரக்கணக்கானோர். முன்பு கூண்டில் இறங்கியவர்களின் மக்கள் இப்போது ரயிலில் செல்கிறார்கள். ஷிஃப்ட் மட்டும் நீண்டுவிட்டது.

நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியை என்பதால் அந்தக் கல்லின் முன் சிறிது நேரம் நின்றேன். ஒடுக்கப்பட்டோரின் சிந்தனையாளரான அயோத்திதாசரின் வழிவந்த பௌத்த சங்கம் மாரிகுப்பத்தில் வேரூன்றிய ஊர் அது. அவர் தொடங்கிய 'தமிழன்' இதழ் நின்றுபோன பின்னர், 1926இல் ஜி. அப்பாதுரையாரால் மீண்டும் உயிர்பெற்றது அந்த ஊரில்தான். அடியில் எட்டு மணிநேரம் வேலை செய்துவிட்டு வந்தவர்கள் காசு சேர்த்துத் தமிழில் அச்சிட்டுப் படித்தார்கள். அவர்களுடைய கொள்ளுப்பேரனுக்கு அவர்கள் கல்லறையைப் படித்துச் சொல்ல, சென்னையிலிருந்து ஒரு கிழவி வரவேண்டியிருக்கிறது.

இதனால் நான் கேட்பது பெரிதொன்றும் இல்லை. மேடுகளை அகற்றுவதற்கு முன்னர், எஞ்சியுள்ள பதிவேடுகளையும், விபத்துக் குறிப்புகளையும், ஊதியப் புத்தகங்களையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து படமெடுத்து வைக்க வேண்டும். இடுகாடுகளில் உள்ள தமிழ்க் கல்வெழுத்துகளை, மழை அவற்றை முற்றிலும் அழிப்பதற்குள், ஒருமுறையேனும் படியெடுக்க வேண்டும். அடியில் வேலை செய்தவர்களில் உயிரோடு இருப்பவர்கள் இன்று அறுபதையும் எழுபதையும் தாண்டியவர்கள். அவர்கள் பேசுவதை ஒலிப்பதிவு செய்ய வேண்டும், இருமலோடு சேர்த்தே. இதைக் கர்நாடக அரசுதான் செய்ய வேண்டும் என்று கையைக் கட்டிக்கொண்டிருப்பது சரியல்ல. அந்த மக்கள் புறப்பட்ட ஊர்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. இங்குள்ள பல்கலைக்கழகங்களின் தமிழ்த் துறையும் வரலாற்றுத் துறையும் நினைத்தால், சென்னையிலிருந்து ஐந்தாறு மணிநேரப் பயணத்தில் உள்ள ஊருக்கு மாணவர்களை அனுப்பிவைக்க முடியும். எத்தனையோ தொலைவில் உள்ள தமிழர் தடங்களைத் தேடிச் செல்கிறோம், நல்லதுதான். குடியாத்தத்திலிருந்து நடந்து போய்விடக்கூடிய தொலைவில் இருப்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இதற்கிடையில் தங்களால் ஒன்று செய்ய இயலும் என்று நம்புகிறேன். தங்கள் நாளிதழுக்கு வேலூர், கிருஷ்ணகிரி பக்கங்களிலும் பெங்களூரிலும் வாசகர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் வீட்டுப் பெட்டிகளில் ஊதியச் சீட்டுகளும், பழைய புகைப்படங்களும், மைன்ஸ் மருத்துவமனைச் சீட்டுகளும் இருக்கக்கூடும். அவற்றைப் பற்றி எழுதும்படி வாசகர்களைக் கேட்டு, வாரத்துக்கு ஒரு பத்தியாவது ஒதுக்க வேண்டுகிறேன். முதல் பத்திக்கு என் பாட்டனாரின் பில்லையைப் படமெடுத்து அனுப்பி வைக்கிறேன். அதன் எண் 3 என்ற இலக்கத்தில் தொடங்குகிறது. கடைசி இலக்கம் தேய்ந்திருப்பதால் அது 1 ஆகவும் இருக்கலாம், 7 ஆகவும் இருக்கலாம். அதே வடிவில், நடுவில் துளையிட்ட பில்லை வேறு எவரிடமேனும் இருந்து, அது எந்தச் சுரங்கத்தில் எந்த ஆண்டுகளில் வழங்கப்பட்டது என்பதும் தெரிந்திருந்தால், தங்கள் அலுவலகத்துக்கு எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை,
அம்பத்தூர், சென்னை.